அப்பாவைக் கூட்டிட்டு வா!

2023 மார்ச் 13, திங்கள்கிழமை. பிளஸ் டூ பொதுத்தேர்வின் முதல் நாள்; தமிழ்ப் பாடம். அன்று வெளியான ஒரு கணக்கு தமிழ்நாட்டையே திகைக்க வைத்தது. 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவ மாணவியர் தேர்வு எழுதவே வரவில்லை. கணக்குப் பாடம், இயற்பியல் என்றாலாவது பயந்துபோய் வரவில்லை என்று சமாதானம் சொல்லலாம். தமிழுக்கே இந்த நிலை. தொலைக்காட்சி விவாதங்களில் சில நாள் அனல் பறந்தது. பிறகு வேறு விவகாரம் வந்துவிட்டது.

அந்தப் பிள்ளைகள் 2020-21-ல் பத்தாம் வகுப்பில் இருந்தவர்கள். கொரோனாவால் பொதுத்தேர்வே இல்லாமல் ‘ஆல் பாஸ்’ ஆனவர்கள். எல்லாரும் சேர்ந்ததால் பிளஸ் ஒன்னில் இவர்களும் சேர்ந்தார்கள். இடையில் பள்ளி மூடியது, வீட்டில் வருமானம் நின்றது. பலர் வேலைக்குப் போய்விட்டார்கள், சிலருக்குக் கல்யாணமே முடிந்திருந்தது. பதிவேட்டில் மட்டும் பெயர் இருந்தது. பள்ளிக் கணக்கில் மாணவர், வீட்டுக் கணக்கில் சம்பளக்காரர். இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆள் இல்லை. வராதவர்களைத் தேடிப் பிடித்து மறுபடி எழுத வைக்க வேண்டும் என்றபோதுதான் பெற்றோர் அடங்கிய பள்ளி மேலாண்மைக் குழுக்களைக் கூட்டினார்கள், ஆசிரியர்கள் வீடு வீடாகப் போனார்கள். போன வழி புதிய வழியல்ல. ஒன்றிரண்டு வருடம் முன்னால் போயிருக்க வேண்டிய அதே தெருக்கள்தான்.

பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவில் பேச்சு எப்படி நடக்கிறது? அதை மூன்றே சொல்லில் அடக்கிவிடலாம்: அப்பாவைக் கூட்டிட்டு வா.

தமிழ்நாட்டில் படித்த யாருக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை. அப்பாவை அழைத்தால் ஏதோ தப்பு நடந்திருக்கிறது. சண்டை, காப்பி, கட் அடித்தது, இல்லையென்றால் மதிப்பெண். நல்ல செய்தி சொல்ல அப்பாவை அழைத்ததாகக் கேள்விப்பட்டவர்கள் அபூர்வம். அழைப்பு வந்ததும் வீட்டில் ஒரு நாள் கூலி போகும். அப்பாவுக்குப் பதில் பெரும்பாலும் அம்மாதான் வருவார். ஸ்டாஃப் ரூம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு நிற்பார். நாற்காலி இருந்தாலும் உட்காரச் சொல்ல ஆசிரியருக்குத் தோன்றாது. சொன்னாலும் அவர் உட்கார மாட்டார். பேச்சில் இன்டர்னல், அட்டென்டன்ஸ், ரிவிஷன் என்று வந்து விழும். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, கடைசியில் வழிவழியாக வரும் அந்த வாக்கியத்தைச் சொல்வார்: “கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்.” பிள்ளைகளை அடிப்பதை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்துவிட்டது என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்த மரியாதை அது. ‘நீங்க பார்த்துக்குங்க, எனக்கு இதுல என்ன தெரியும்’ என்பதன் இன்னொரு வடிவம்.

இதே அம்மா தொடக்கப் பள்ளியில் இப்படி நிற்கவில்லை. பள்ளி தெருக்கோடியில் இருந்தது. ஒரே டீச்சர், பிள்ளையைக் கொண்டுவிடும்போதும் கூட்டிவரும்போதும் பார்ப்பார். சாப்பிட்டானா, சளி பிடித்திருக்கிறதா என்று இரண்டு வார்த்தை பேசிக்கொள்வார்கள். ஆறாம் வகுப்பில் பள்ளி பக்கத்து ஊருக்குப் போகிறது. இலவச பஸ் பாஸ் கையில் வருகிறது. ஒரு டீச்சருக்குப் பதில் பாடத்துக்கு ஒருவர். பதினொன்றாம் வகுப்பில் அரசு சைக்கிளும் வந்துவிட்டால் பிள்ளை காலையில் கிளம்பி எங்கே போகிறான், எப்போது திரும்புகிறான் என்பதே அவன் சொன்னால்தான் உண்டு. பாடமும் அம்மா படித்த வகுப்பைத் தாண்டிவிட்டது. பிள்ளைக்கு மீசை அரும்பும் வயதில், குடும்பத்தின் கண் மிகவும் தேவைப்படும் வயதில், பள்ளி குடும்பத்தை விட்டு வெகுதூரம் போய்விடுகிறது. சட்டமும் அங்கேதான் கைவிடுகிறது. கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான். எட்டாம் வகுப்புக்குப் பிறகு நடப்பதெல்லாம் அந்தந்த அரசின் அக்கறையைப் பொறுத்தது.

‘இப்போதுதான் எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறதே, வகுப்புக்கொரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறதே’ என்பீர்கள். இருக்கிறது. அதில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம்.

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்க்கும் அம்மா ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டுக்கு வெளியே வருவார். ஆர்டர் அவசரமென்றால் இன்னும் நேரமாகும். வீட்டில் ஸ்மார்ட்போன் ஒன்றுதான். அது பகலில் அப்பாவிடம்; ராத்திரியில் பையனிடம். குரூப்பில் ஒரு நாளைக்கு முப்பது செய்தி: பி.டி.எஃப். கோப்பு, வட்டாரக் கல்வி அலுவலகச் சுற்றறிக்கையின் சாய்ந்த புகைப்படம், யாரோ ஒரு பெற்றோரின் குட்மார்னிங் ரோஜாப்பூ. இந்தக் குவியலுக்கு நடுவில் ‘கீழ்க்கண்ட மாணவர்கள் மூன்று நாளாக வரவில்லை’ என்று ஒரு பட்டியல். அதை முதலில் படிப்பது யார்? பட்டியலில் பெயர் உள்ள பையன். அம்மா கேட்டால், “ஒண்ணுமில்லம்மா, யூனிஃபார்ம் விஷயம்” என்பான். செய்தியில் யாரைப் பற்றிப் புகாரோ அவனையே தபால்காரனாக்கி அனுப்பிவிட்டு, வீட்டுக்குத் தகவல் போய்விட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

எண்ணே தப்பாக இருப்பது அடுத்த கதை. சேர்க்கையின்போது கொடுத்த எண் மாமாவுடையதாக இருக்கும். அந்த சிம் கார்டு ரீசார்ஜ் செய்யாமல் எப்போதோ செத்திருக்கும். 2024-ல் பள்ளிக் கல்வித் துறை, மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் தளத்தில் உள்ள பெற்றோரின் எண்களை ஓ.டி.பி. அனுப்பிச் சரிபார்க்கச் சொன்னது. நல்ல வேலை. ஆனால் அது எப்படி நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம்: ஆசிரியர் போன் செய்வார், பெற்றோர் ‘ஓ.டி.பி. யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு பேங்க்ல சொல்லியிருக்காங்களே’ என்பார். ஆசிரியரைத் தெரியாத வீட்டில் அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். அதே எண்ணுக்குத்தான் பொதுத்தேர்வு முடிவும் எஸ்.எம்.எஸ். ஆகப் போகிறது.

எந்தத் தகவல் போகவில்லை என்பதைவிட, அது எப்போது போகிறது என்பதில்தான் நஷ்டம் அதிகம்.

பத்தாம் வகுப்பு முடிவு வந்த கையோடு பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை. தலைமை ஆசிரியர் மேசைக்கு முன்னால் பிள்ளையும் அப்பாவும். “என்ன குரூப்?” பிள்ளை அப்பாவைப் பார்க்கும், அப்பா பிள்ளையைப் பார்ப்பார். “மார்க்கு எவ்வளவு? அப்ப காமர்ஸ் போட்டுக்கலாம்.” கால் மணி நேரத்தில் ஒரு வாழ்க்கையின் திசை முடிவாகிவிடும். கணக்கை விட்டுவிட்டால் பொறியியல் கதவு பெரும்பாலும் மூடிவிடும், உயிரியல் இல்லையென்றால் வேளாண்மை, நர்சிங் எல்லாம் சிக்கலாகும் என்பது இரண்டு வருடம் கழித்து கவுன்சலிங் விண்ணப்பம் போடும்போதுதான் தெரியவரும். காமர்ஸ் மட்டமான குரூப் என்று சொல்ல வரவில்லை. பட்டயக் கணக்காளர் ஆக விரும்புகிறவருக்கு அதைவிட நல்ல வழி இல்லை. தெரிந்து எடுத்தால் அது தேர்வு. தெரியாமல் எடுத்தால் ஒதுக்கீடு. ஒன்பதாம் வகுப்பிலேயே பெற்றோரை உட்கார வைத்து ஒரு சாயங்காலம் பேசியிருந்தால் போதும். 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் உயர்கல்வி வழிகாட்டுதல் உண்டு. ஆனால் அது மாணவரோடு பேசுகிறது. முடிவெடுப்பது பெரும்பாலும் வீடு.

இதைவிடக் கசப்பானது உதவித் திட்டங்களின் கதை. அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் என்று விரிந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. கல்லூரியில் படிக்கும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் ‘புதுமைப் பெண்’ 2022 செப்டம்பரில் வந்தது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலிருந்த திருமண உதவித் திட்டத்தைத்தான் படிப்புக்கான திட்டமாக மாற்றினார்கள். சமீப காலத்தில் நடந்த உருப்படியான மாற்றங்களில் அது ஒன்று. ஆண் பிள்ளைகளுக்கான ‘தமிழ்ப் புதல்வன்’ 2024 ஆகஸ்ட்டில் தொடங்கியது. எல்லாவற்றுக்கும் அடிப்படை நிபந்தனை ஒன்றே: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் இரண்டிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இடம் உண்டு. கல்வி உரிமைச் சட்டம் ஒதுக்கும் இலவச இடத்தில் எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு 7.5-ல் விலக்கு உண்டு. மற்றபடி ஏழு வருடமும் அரசுப் பள்ளிதான்.

இது எத்தனை பேருக்கு ஆறாம் வகுப்பில் தெரிகிறது? எட்டாவதில் நன்றாகப் படிக்கும் பெண்ணை, கடன் வாங்கியாவது இங்கிலீஷ் மீடியத்தில் போடுவோம் என்று ஒன்பதாம் வகுப்புக்கு மெட்ரிக் பள்ளியில் சேர்க்கும் அப்பா, பாசத்தில்தான் அதைச் செய்கிறார். பீஸ் கட்ட முடியாமல் பதினொன்றில் திரும்பக் கூட்டிவருவார். இரண்டு வருட இடைவெளியில் எல்லா உரிமையும் போயிருக்கும். எட்டாவது முடிந்து டி.சி. கேட்டு வந்த அன்று எழுத்தர் அதை எழுதிக் கையில் கொடுத்துவிட்டார். ‘ஒரு நிமிஷம் உட்காருங்க, இதெல்லாம் போயிடும்’ என்று யாராவது சொல்லியிருந்தால் கதை வேறு.

மத்திய அரசின் உதவித்தொகைக்கான என்.எம்.எம்.எஸ். தேர்வும் அதே ரகம். எட்டாம் வகுப்பில் எழுத வேண்டியது. தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். நான்கு வருடத்தில் 48,000. தமிழ்நாட்டுக்கு 6,695 இடங்கள். ஆர்வமுள்ள ஆசிரியர் ஒருவர் இருக்கும் பள்ளியில் வருடா வருடம் கொத்தாகத் தேறுவார்கள். மற்ற பள்ளிகளில் அப்படி ஒரு தேர்வு இருப்பதே பெற்றோருக்குத் தெரியாது. தேறிய பிறகும் ஆண்டுதோறும் இணையத்தில் புதுப்பிக்க வேண்டும். ஆதாரில் ‘முத்துலட்சுமி’, பள்ளிப் பதிவேட்டில் ‘மு.லட்சுமி’ என்றிருந்தால் பணம் பாதி வழியில் நிற்கும். நம் இனிஷியல் முறைக்கும் மத்திய அரசின் கணினிக்கும் என்றைக்குமே ஒத்துப்போனதில்லை. இ-சேவை மையத்தில் வரிசையில் நின்று, வருமானச் சான்று வாங்கி, வங்கியில் ஆதாரை இணைத்து முடிப்பதற்குள் கடைசித் தேதி கடந்துவிடும். இதற்கெல்லாம் வேண்டியது மூன்று மாத அவகாசம். வீட்டுக்குப் போகும் தகவலோ, ‘நாளைக்குள் கொண்டு வரவும்’ என்றுதான் போகிறது.

தனியார் பள்ளிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அங்கே செயலி உண்டு, டைரி உண்டு, சனிக்கிழமை மீட்டிங் உண்டு. பீஸ் பாக்கி ஒரு நாள் தாமதமானாலும் மெசேஜ் வரும். பிள்ளை இரண்டு மாதமாக மத்தியானம் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை என்ற மெசேஜ் மட்டும் எந்தச் செயலியிலும் வருவதில்லை.

ஆசிரியர்கள் பக்கம் நின்று பார்த்தால் கோபம் பாதியாகிவிடும். ஒரு வகுப்பாசிரியருக்கு நாற்பது, ஐம்பது பிள்ளைகள். காலையில் செயலியில் வருகைப் பதிவு. பிறகு சைக்கிள் பட்டியல், ஸ்காலர்ஷிப் பட்டியல், எமிஸ் திருத்தம். நெட் கிடைக்காத ஊரில் பள்ளிக் கூரைக்கு வெளியே போனை உயர்த்திப் பிடித்தபடி ஆசிரியர் நிற்பது சாதாரணக் காட்சி. போனும் அவருடையது, டேட்டாவும் அவருடையது. பெற்றோரிடம் பேசுவது என்பது எந்தப் படிவத்திலும் ‘வேலை’யாக வருவதில்லை, அதனால் அதற்கு நேரமும் ஒதுக்கப்படுவதில்லை. பாடவேளை அட்டவணையில் உடற்கல்விக்கே இடம் பிடுங்கப்படும் பத்தாம் வகுப்பில், வாரத்துக்கு ஒரு பீரியட் ‘வீட்டுக்குப் பேச’ என்று எழுதி ஒட்ட எந்தத் தலைமை ஆசிரியருக்குத் துணிவு வரும்?

அந்தத் துணிவு வரவேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. 2025 ஆகஸ்ட்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு போய்விட்டது. பிள்ளைகளின் பாரம் குறைந்தது, வரவேற்க வேண்டியதுதான். ஆனால் பொதுத்தேர்வு என்ற பெயருக்காவது வீடு பயந்தது. இனி பதினொன்றில் பிள்ளை சறுக்கினால் அதை வீட்டுக்குச் சொல்ல வெளியிலிருந்து எந்த முடிவும் வராது. பள்ளி சொன்னால்தான் உண்டு. 2023-ல் காணாமல் போனவர்கள் காணாமல் போனதும் பிளஸ் ஒன்னுக்கும் பிளஸ் டூவுக்கும் இடையில்தான்.

இப்படி வீட்டோடு பேசுவது நடக்கக்கூடியதுதான் என்பதற்குச் சாட்சி நம்மிடமே உண்டு. பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேராதவர்களை ஒவ்வொருவராகப் போனில் பிடித்து, ‘ஏன் சேரலை?’ என்று கேட்டு, முகாமுக்கு வரவழைத்து அங்கேயே சேர்க்கை, சான்றிதழ், கடன் எல்லாவற்றுக்கும் வழிசெய்கிறது ‘உயர்வுக்குப் படி’. அது செய்வது பெரிய மந்திரமில்லை. பெயர் சொல்லி ஒருவர் பேசுகிறார். கேட்ட கேள்விக்குப் பதிலைக் காது கொடுத்துக் கேட்கிறார். பதினேழு வயதில் படிப்பு முடித்த பிறகு நடப்பதை, பதினான்கு வயதில் படிக்கும்போதே நடத்தலாம். இடைப்பருவத் தேர்வு முடிந்ததும் ஒரு வகுப்பாசிரியர் வீட்டுக்குப் போன் செய்து, “உங்க பொண்ணு இந்தத் தடவை சமூக அறிவியல்ல நல்லா எழுதியிருக்கா. சாயங்காலம் வீட்டு வேலை கொஞ்சம் குறைச்சா கணக்கும் வந்துடும்” என்று மட்டும் சொன்னால், அடுத்த முறை அந்த எண்ணிலிருந்து அழைப்பு வரும்போது வீட்டில் யாருக்கும் வயிறு கலங்காது. கெட்ட செய்தியையும் அதற்குப் பிறகுதான் கேட்கும் பக்குவம் வரும்.

ஆனால் எல்லாவற்றையும் வீட்டுக்குச் சொல்லிவிடலாமா? கூடாது, இதில் இந்தக் கட்டுரையாளருக்குச் சந்தேகமே இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒரு பையனோடு பஸ் ஸ்டாப்பில் பேசிக்கொண்டிருந்தாள் என்பதை அவசரமாக வீட்டுக்குச் சொல்லும் ஆசிரியர், நல்லது செய்வதாகத்தான் நினைக்கிறார். அடுத்த வாரம் அவள் பள்ளிக்கு வர மாட்டாள். மாமன் மகனுக்குப் பேசி முடித்திருப்பார்கள். பையன் வேறு சாதி என்றால் என்ன நடக்கும் என்று எழுத வேண்டியதில்லை. வீட்டிலேயே ஒருவரால் பிள்ளைக்குப் பாலியல் தொல்லை என்றால் அந்தத் தகவல் முதலில் போக வேண்டிய இடம் வீடு அல்ல. போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் எவரும் காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். குடும்பத்தைக் கூப்பிட்டுப் பேசித் தீர்க்க ஆசிரியருக்கு அதிகாரம் கிடையாது. பிள்ளைகள் தாமே சொல்வதற்காகத்தான் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ பெட்டி வைத்தார்கள். 14417 கல்வி உதவி எண்ணும் 1098 சிறார் உதவி எண்ணும் பாடப் புத்தகத்திலும் சுவரிலும் இருக்கின்றன. பெட்டி ஸ்டாஃப் ரூம் ஜன்னலுக்கு நேர் எதிரில் மாட்டப்பட்டிருந்தால் யார் சீட்டு போடுவார்கள் என்பதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

மதிப்பெண்ணும் ஓரளவுக்குப் பார்த்துச் சொல்ல வேண்டிய ரகம்தான். 2017-லேயே மாநில அளவில் ரேங்க் அறிவிக்கும் வழக்கத்தை அரசு விட்டுவிட்டது. ஆனால் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் எல்லார் மதிப்பெண்ணும் ஒரே எக்செல் தாளில் வந்து விழுகிறது. கடைசி வரியில் இருப்பவனின் அம்மாவும் அதே குரூப்பில்தான் இருக்கிறார். தேர்வு முடிவு நாளில் வீட்டுக்குப் போக வேண்டிய தகவல் வேறு: தவறிய பாடத்தை ஜூன், ஜூலையிலேயே துணைத் தேர்வில் எழுதலாம், வருடம் வீணாகாது; மனசு தாங்கவில்லையென்றால் 104, 14416 உதவி எண்களில் எந்த நேரமும் பேசலாம். இதை முடிவு வந்த பிறகு சொல்வதைவிட, ஹால் டிக்கெட் கொடுக்கும் அன்றே அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டால் எத்தனையோ வீடுகளில் அந்த இரவு அமைதியாகக் கழியும்.

பேசுவதற்கு ஒரு மேடை ஏற்கெனவே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022 மார்ச் 20 அன்று 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் ஒரே நேரத்தில் பெற்றோர் கூட்டம் நடத்தி இந்தக் குழுக்களுக்குப் புத்துயிர் கொடுத்தார்கள். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளையும் விட்டுவிடவில்லை. குழுவுக்குத் தலைவர் பெற்றோரில் ஒருவர்தான். 2024-ல் மறுசீரமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது. தீர்மானங்களைப் பார்த்தால் சுற்றுச்சுவர், கழிப்பறை, குடிநீர், மின்விசிறி என்றே போகும். எல்லாம் தேவைதான். எத்தனை பிள்ளைகள் பத்து நாளாக வரவில்லை, என்.எம்.எம்.எஸ்.-க்கு எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், ஒன்பதாம் வகுப்புப் பெற்றோரிடம் குரூப் பற்றி யார் பேசப் போகிறார்கள் என்று கேட்கும் தீர்மானம் அபூர்வம்.

இன்னொரு தடையும் உண்டு. கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகலில். சம்பளம் பறிபோகாமல் அந்த நேரத்தில் வரக்கூடிய பெற்றோர் எந்த ஊரில் எத்தனை பேர்? நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாவுக்குக் களத்தில் வருகைப் பதிவு. பனியன் கம்பெனி அம்மாவுக்கு பீஸ் ரேட். வருகிறவர்களே எப்போதும் வருகிறார்கள். வராதவரின் பிள்ளைதான் பதிவேட்டில் ‘ஆப்சென்ட்’. குழுவின் காலம் இரண்டு ஆண்டு; அது முடிவதற்குள் இதை மாற்றலாம். அடுத்த கூட்டத்தில் யாராவது ஒரு பெற்றோர் எழுந்து, கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை காலைக்கு மாற்றச் சொல்லித் துறைக்கு எழுதலாம் என்று தீர்மானம் கொண்டுவரட்டும். தீர்மானங்களைப் பதிவேற்றும் செயலியில் அதற்கும் ஒரு வரி இடம் இருக்கிறது.